அத்தையின் ராக் குழுவும் ஒரு சினிமாவும்

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வெளியே நான் தேடியது வெள்ளைப் புடவை கட்டிய ஒரு விதவையை. ஈப்போவில் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் எஸ்தர் அத்தை அப்படித்தான் இருந்தார். கையில் வேதாகமம், இறுக மூடிய வாய். என் அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகித் தாம்பரம் போனவர், பிறகு மலேசியா பக்கம் வரவேயில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. "எஸ்தர ஒரு தடவ பாத்துட்டா போதும், கையோட கூட்டிட்டு வா" என்று சொல்லி, பள்ளி ஆசிரியையான என்னை விடுமுறையில் அனுப்பி வைத்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் இந்தியாவுக்கு வருவது அதுதான் முதல் தடவை.

"கிரேஸ்தானே நீ?"

திரும்பினேன். நீலப் பூப்போட்ட புடவை, கழுத்தோடு வெட்டிய நரைமுடி, தோளில் ஒரு கிடார்.

"யாரோட கிடார் அத்தை?"

"என்னோடதுதான். ரிகர்சல் இருந்துச்சு, அங்கேயிருந்து நேரா வரேன். பெட்டியக் குடு."

அறுபதைத் தாண்டியவர் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே சாலையைக் கடந்தார். எதிரே திரிசூலம் ஸ்டேஷன். மின்சார ரயிலில் ஏறும்போது கிடாரின் தலை ஒருவரின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "மெதுவா சிஸ்டர், அடுத்த ப்ரோகிராம் எங்க?" என்று கேட்டார். எங்கள் ஊர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்கும் வரை வாயைத் திறக்கமாட்டார். இங்கே பல்லாவரம் வருவதற்குள், எதிர் இருக்கையில் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்த அம்மாள் எனக்கு எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் ஏன் கூட வரவில்லை என்பதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டார்.

நான் பதில் சொல்லிக்கொண்டே கிடாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்ச்சில் ஞானப்பாட்டுக்கு வாசிப்பார் போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை அத்தை என்னைத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப் போனார். இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். எங்கள் ஊரில் மீன்கறி ஊற்றுவோம். அரைத்த கடலைப்பருப்பில் இவ்வளவு ருசி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஒரு கோப்பி" என்றேன். "காப்பியாம்மா?" என்று திருத்திவிட்டுக் கொண்டுவந்து வைத்தார் பரிமாறியவர். அங்கிருந்து செலையூரில் டேனியல் சார் வீட்டுக்குப் போனோம்.

டேனியல் சார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான மனிதர், குரல் எழும்பாமல் பேசுவார். அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இப்போது மாடு இல்லை. டிரம்ஸ் செட்டும் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் இருந்தன. டிரம்ஸுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோதண்டம் உட்கார்ந்திருந்தார். முடிச்சூர்க்காரர். பரம்பரையாக நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட்ட பிறகு அவருக்குப் பொழுது போகவில்லை. சின்ன வயதில் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு மேளம் அடித்த கை.

"வா கண்ணு. மலேசியால அல்லாரும் நல்லாகீறாங்களா? குந்து. காத பத்தரமா பாத்துக்கோ" என்றார்.

எச்சரிக்கை போதவில்லை. டேனியல் சார் கிடாரைத் தொட்டதும் ஓட்டுக்கூரை அதிர்ந்தது. அந்தச் சாதுவான மனிதரின் விரல்களிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று யார் நினைப்பார்கள்? கோதண்டத்தின் அடி என் நெஞ்சுக்குள் விழுந்தது. அதற்கு மேலே அத்தையின் குரல். அடிவயிற்றிலிருந்து, கரகரப்பாக, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் வந்தது. சானடோரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் காசநோய் வார்டில் நர்ஸாக இருந்தவர் அவர். நைட் டூட்டி பற்றி அவரே எழுதிய பாட்டு அது. இருமலின் தாளத்தில் தொடங்கி, விடியும்வரை உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிற பாட்டு. டேனியல் சார் மெட்டுப் போட்டிருந்தார்.

பாட்டு முடிந்தபோது என் வாய் திறந்தே இருந்தது.

"பிடிக்கலியா?" என்றார் அத்தை.

"அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல, அத்தை."

"உள்ளத சொல்லு. வெள்ளிக்கிழம வரைக்கும் இங்கதான் இருப்பேன்னும் சொல்லு. எங்க படம் ரிலீஸ் ஆகுது. பாத்துட்டு வரேன்."

எங்கள் படம்! நான் மறுபடியும் வாயைத் திறந்தேன்.

கதையை மறுநாள் திருநீர்மலையில் சொன்னார். மலைக்கோயில் அடிவாரத்தில் அன்றும் ஏதோ ஒரு படத்துக்குக் கல்யாணக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மாலையோடு குடைக்கடியில் தினசரி படித்துக்கொண்டிருந்தார். போன வருடம் இதே இடத்தில்தான் இவர்களையும் எடுத்திருக்கிறார்கள். ஒரு சர்ச் விழாவில் இவர்கள் வாசித்ததைப் பார்த்த டைரக்டர், தேடிக்கொண்டு வந்து கேட்டாராம். இரண்டு பாட்டு முழுதாகப் பாடினார்களாம். லைட் பிடிப்பவர்கள்கூடக் கைதட்டினார்களாம்.

"நைட் டூட்டி பாட்டு அப்படியே வருதுன்னு சொல்லியிருக்காரு" என்றார் அத்தை. "கடைசில மட்டும் கோதண்டத்த டிரம்ஸ் மேல சாயச் சொன்னாங்க. ஹீரோ காணற கனவாம். உருக்கமான சீனாம்."

பக்கத்தில் நின்ற கோதண்டம், "மூணு தபா சாஞ்சேன் கண்ணு. டைரக்டர் கண்ணுல தண்ணி வந்துட்ச்சு" என்றார் பெருமையாக.

வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்குத் தாம்பரத்துத் தியேட்டருக்குப் போனோம். அத்தை பட்டுப்புடவை. டேனியல் சார் ஷூ போட்டிருந்தார். கோதண்டம் சட்டைப்பையில் மல்லிகைச்சரம் வைத்திருந்தார். படம் முடிந்ததும் சிஸ்டருக்குக் கொடுக்கவாம். வழியில் பஸ் டயர் பஞ்சராகி, சானடோரியத்திலிருந்து வெயிலில் நடந்து வந்தோம். அதற்கும் மூவரும் சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள்.

கதாநாயகனுக்கு எப்படியும் ஐம்பது வயதிருக்கும். படத்தில் கல்லூரி மாணவன். கறுப்பு விக், தோளில் கிடார், பின்னால் ஆட நாற்பது பெண்கள். அவர் பிடித்திருந்த கிடாரில் ஒயரே செருகியிருக்கவில்லை. தியேட்டரில் ஒருவரும் சிரிக்கவில்லை. விசில்தான் பறந்தது.

இடைவேளைக்குப் பிறகு இவர்கள் வந்தார்கள்.

முதலில் அத்தையின் முகம் திரை முழுக்க வந்தது. நான் அவர் கையைப் பிடித்தேன். திரையில் அவர் வாயைத் திறந்தார். வெளியே வந்தது ஓர் ஆணின் கீச்சுக்குரல், மூக்கால் பாடுகிற குரல். டேனியல் சார் கிடாரைத் தொட்டபோது பாத்திரக்கடை சரிந்து விழும் சத்தம். கோதண்டம் அடித்த ஒவ்வொரு அடிக்கும் தவளை கத்தியது. எடிட்டிங்கில் வேகமாக ஓடவிட்டிருந்தார்கள். மூன்று பேரும் வலிப்பு வந்தவர்களைப் போலத் துள்ளினார்கள். எங்கள் வரிசையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எங்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன். வார்டில் பழகிய தெலுங்கு அத்தைக்குத் தெரியும்.

"'இந்தக் கெழவிய வீட்ல யாரும் கட்டிப் போட மாட்டாங்களா'ன்னு கேக்கறாங்க" என்றார் அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்புறம் கோதண்டம் சாய்ந்தார். சங்கு ஊதியது. காமெடி நடிகர் ஓடிவந்து அவர் கழுத்தில் மாலையைப் போட்டு, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி, "பெரிசு டிக்கெட் வாங்கிருச்சு, அடுத்தது யாரு?" என்று அத்தையையும் டேனியல் சாரையும் பார்த்தார். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

எழுந்து போய்விடலாம் என்று அத்தையின் கையை இழுத்தேன். அவர் எழவில்லை. கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார். விளக்கு போட்டதும் முன்வரிசையில் ஒருவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "டேய், அந்த டிக்கெட் வாங்கின பெரிசு இங்க கீதுடா!" என்று கத்தினார். கூட்டம் வழிவிட்டுக் கைதட்டியது. அவர்களைப் பொறுத்தவரை அது மரியாதைதான்.

வெளியே வெயிலில் கண் கூசியது. கோதண்டம் தியேட்டர் சுவரோரம் நிழலில் போய் நின்றார். பிறகு கேட்டார்: "வுயுந்தத காட்டட்டும் சிஸ்டர். சிரிக்கட்டும். நாம வாசிச்ச சத்தத்த எங்க வுட்டானுங்க?"

மல்லிகைச்சரம் கோதண்டத்தின் சட்டைப்பையிலேயே வாடிப்போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முடிச்சூரில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிப்பதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள். கோதண்டத்தின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சனிக்கிழமை டேனியல் சார் வந்து, போக வேண்டாம் என்றார். கோதண்டத்தின் மகன் ரவியும் வந்தார். மனை விற்பனை செய்பவர். "ஆன்ட்டி, ஆபீஸ்ல தல காட்ட முடியல. ஃபோன எடுத்தா சங்கு ஊதறானுங்க. இந்த வயசுல இதெல்லாம் தேவையா? நீங்க சொன்னா அப்பா கேப்பாரு" என்றார். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் சொல்ல மாட்டேன் ரவி" என்றார்.

கோதண்டம் யார் சொல்லையும் கேட்கத் தயாராக இல்லை. "அது என் ஊரு. என் சனங்களாச்சும் நெச சத்தத்த கேக்கட்டும்" என்றார்.

வயல்களாக இருந்த இடத்தில் வெள்ளையடித்த எல்லைக்கற்கள் நட்டிருந்தார்கள். அந்த மனைகளுக்கு நடுவே பந்தல். சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பிரியாணி மணத்தில் மேடையேறினார்கள். ஏறும்போதே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. ஊதாச் சட்டை போட்ட ஓர் ஆள், கோதண்டத்துக்குத் தம்பி மகன் முறையாம், பெயர் சேகர், நாற்காலி மேல் ஏறி நின்று இரண்டு கையையும் குவித்துச் சங்கு ஊதிக் காட்டினார். பெண்கள் பக்கம்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அத்தை மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சிரிப்பு அடங்கவில்லை. அதன் மேலேயே பாட ஆரம்பித்தார்.

முதல் பாட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள். இரண்டாவதில் சில தலைகள் ஆட ஆரம்பித்தன. மூன்றாவது நைட் டூட்டி பாட்டு. கோதண்டம் இருமலின் தாளத்தைத் தொடங்கியபோது, பந்தல் ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். அத்தை பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். பந்தல் கிட்டத்தட்ட அமைதியாகிவிட்டது. எனக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது.

அப்போது தாளம் நின்றது.

கோதண்டம் முன்னால் சாய்ந்து கிடந்தார். டிரம்ஸின் தட்டு ஒன்று உருண்டு மேடைக்குக் கீழே விழுந்து சுழன்றது.

பந்தலே வெடித்துச் சிரித்தது. விசில், கைதட்டல். சேகர் திரும்பவும் நாற்காலியில் ஏறிச் சங்கு ஊதினார். யாரோ மணமகனின் மாலையைக் கழற்றி மேடையை நோக்கி வீசினார்கள். அத்தை கிடாரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கோதண்டத்தைத் தரையில் கிடத்தி, சட்டையைக் கிழித்து, மார்பில் காதை வைத்தார். கிழவர் நெஞ்சில் கிழவி தலைசாய்த்ததும் சிரிப்பு இரண்டு மடங்காகியது. "ஒன்ஸ்மோர்!" என்றது ஒரு குரல். நான் "ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டேனியல் சார் மைக்கைப் பிடுங்கினார். அவர் குரலை உயர்த்தி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"டேய், நெஜமாவே விழுந்துட்டாருடா! சாகப் போறாருடா பாவிங்களா!"

சிரிப்பு சட்டென்று நின்றது. சேகர் குவித்த கைகளை இறக்க மறந்து நாற்காலியிலேயே நின்றார்.

"நாடி இருக்கு. கார் எடுங்க!" என்றார் அத்தை. அந்தக் குரலில் பதற்றம் இல்லை. வார்டில் இருந்தபடிதான் அவர் இருந்தார்.

மாப்பிள்ளைக்காக அலங்கரித்த கார்தான் இருந்தது. ரோஜாப்பூ ஒட்டிய காரில் கோதண்டத்தைப் பின்சீட்டில் கிடத்தி, தலையை அத்தை மடியில் வைத்து, காலடியில் நான் குந்திக்கொண்டேன். ஆஸ்பத்திரி கிழக்குத் தாம்பரத்தில். நடுவே தண்டவாளம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் பஸ், லாரி, ஸ்கூட்டர், மாட்டுவண்டி. ஹாரன் அடித்தோம். ஜன்னலில் எட்டிப் பார்த்த ஒருவர், "இன்னா மாப்ள, அவ்ளோ அவசரமா?" என்று சிரித்தார். பிறகு உள்ளே கிடந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஒரு மின்சார ரயில் போனது. கேட் திறக்கவில்லை. எக்ஸ்பிரஸ் வரவேண்டும் என்றார்கள். கோதண்டத்தின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அத்தை நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

காரின் கதவை யாரோ திறந்தார்கள். ஊதாச் சட்டை. பின்னால் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்த முடிச்சூர் ஆட்கள். சேகர் பக்கத்து டீக்கடை பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கோதண்டத்தைப் பெஞ்சில் கிடத்தித் தோளில் ஏற்றினார்கள். நம்மவர்கள் ஒரு மனிதரை அப்படித் தூக்கிக்கொண்டு போவது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். எக்ஸ்பிரஸ் தடதடத்துக் கடந்தது. அதன் கடைசிப் பெட்டி நகர்ந்ததும் கேட் கம்பிக்கடியில் குனிந்து புகுந்து, ஜல்லிக்கற்களில் தடுக்காமல், தண்டவாளங்களைத் தாண்டினார்கள். அத்தை செருப்பில்லாமல் பெஞ்சோடு ஓடினார். விரல் இன்னும் நாடியில். நின்றிருந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் இறங்கி வழிவிட்டார்கள்.

மாரடைப்பு. பிழைத்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டில் நின்றிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மேளம் அடித்ததால் வந்ததா என்று ரவி கேட்டார். "வீட்ல சும்மா உக்காந்திருந்தாலும் வந்திருக்கும். ரொம்ப நாளா இருந்திருக்கு" என்றார் டாக்டர். ஆனால் இனி மேளத்தைத் தொடக் கூடாது என்றும் சொன்னார். ரவி அத்தையின் முகத்தைப் பார்க்காமல், "நீங்க இல்லன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை.

சினிமாக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் ஆப்பிள் பையோடு வந்தார். படம் நன்றாக ஓடுகிறதாம். அந்தச் சீனுக்குத்தான் கைதட்டலாம். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வயசானவங்க கிடார் புடிச்சா சனங்க சிரிக்கத்தான் செய்வாங்க" என்றார்.

"சிரிச்சாங்களா, சிரிக்க வச்சீங்களா?" என்று கேட்டார் அத்தை. "நாங்க வாசிச்சத நீங்க யாருக்குமே காட்டலியே. தவளையத்தானே காட்டுனீங்க?"

அவர் ஆப்பிளை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது கதவை மிக மெதுவாகச் சாத்தினார்.

நான் பயணத்தைத் தள்ளிப்போட்டு ஈப்போவுக்குப் போன் செய்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், கிடார் உட்பட. அப்பா, "அவ சின்னப் பிள்ளையிலயே சத்தமாத்தான் பாடுவா. எங்கம்மாதான் வாயப் பொத்துவாங்க" என்றார். நண்பர் எழுந்து நடமாடியதும் அத்தை வரட்டும் என்றார்.

கோதண்டம் வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, புறப்படுவதற்கு முன் சொல்லிக்கொள்ள நானும் அத்தையும் டேனியல் சாரும் முடிச்சூர் போனோம். வீடு நிறைய ஆட்கள். அன்று பந்தலில் சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். வாழைத்தாரும் இளநீரும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கோதண்டம் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து, இளைத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மழை வருமா என்று பேசினார்கள். மனை விலை பேசினார்கள்.

சேகர் கதவோரம் நின்றிருந்தார். கடைசியில் அவர்தான் அத்தையைப் பார்த்துக் கேட்டார்.

"சிஸ்டர்... அன்னிக்கி பேரு பேரா கூப்ட்டுகினு இருந்தீங்களே ஒரு பாட்டு. அது எப்டி முடியும்?"

அத்தை கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டம் மகனைப் பார்த்தார். ரவி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செலையூர் போய், டேனியல் சாரின் சின்னக் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஆம்ப்ளிஃபயர் இல்லை, மேளம் இல்லை. டேனியல் சார் கிடார் வாசிக்க, அத்தை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, நின்றுபோன இடத்திலிருந்து பாடினார். வார்டில் விடியும்வரை உயிரோடு இருந்தவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளிகளில் கோதண்டம் அடிக்க வேண்டும். இப்போது அங்கே எதுவும் இல்லை. கடைசிப் பெயரை அத்தை மெல்ல, ஏறக்குறைய பேசுவது போலச் சொல்லி நிறுத்தினார்.

யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சேகர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கோதண்டம்தான் முதலில் பேசினார்.

"வாத்தியாரே, நடுவுல அவசரப்பட்டுட்டீங்க" என்றார். "முதல்லேர்ந்து ஆரம்பிங்க."